குண்டூசி பார்த்த நடுவர்

ரானுயி மைதானத்தில் நாற்பது வயதைத் தாண்டிய நாங்கள் ஆடும் உதைபந்தாட்டத்துக்கு ஒரு நடுவர் வருவார். ஒல்லியான யாழ்ப்பாணத்துக்காரர். காலுறையை முழங்கால் வரை இழுத்துவிட்டிருப்பார். ஆட்டத்துக்கு முன் எங்களைப் பள்ளிப் பிள்ளைகள் போல வரிசையில் நிறுத்தி நகம் பார்ப்பார்.

அன்சாக் நாளுக்கு முந்தின சனிக்கிழமை, போரில் இறந்த இந்த நாட்டுச் சிப்பாய்களின் நினைவாக, எங்கள் கப்டன் எல்லோருடைய சட்டையிலும் சிவப்புப் பொப்பிப் பூவைக் குத்திக்கொண்டே வந்தார். நான் பின்வாங்கினேன். ஊரில் நடந்த போரில் செத்த என் அண்ணனுக்கு எந்த மைதானத்திலும் ஒருவரும் பூக் குத்தியதில்லை. அதை வாய்விட்டுச் சொல்லக் கூச்சம்.

“குத்தலேன்னா வெளியில உட்காருங்க,” என்றார் மதுரைக்காரரான கப்டன்.

அதற்குள் நடுவர் வந்துவிட்டார். “குண்டூசியோட ஒருத்தரும் உள்ள வரேலாது. கழட்டுங்கோ.”

“உங்க தொப்பில பூ இருக்கே சார்?” என்றார் கப்டன்.

“நான் தலையால பந்து அடிக்கிறேல்லைத் தம்பி.”

பத்துப் பேரும் முணுமுணுத்தபடி பூவைக் கழற்றினார்கள். பிறகு நடுவர் ஒரு நிமிட மௌனத்துக்கு விசில் ஊதினார். அடுத்த விசில் வரும்வரை இரண்டு நிமிடம் நின்றோம். எதிரணிக் கோல்கீப்பர் கொட்டாவி விட்டார்.

ஆட்டம் முடிந்ததும், “மணிக்கூடு பிழையோ அண்ணை?” என்று கேட்டேன்.

“சரியாத்தான் ஓடுது. ஒரு நிமிசம் பூக் கிடைச்சவைக்கு. மற்றது கிடைக்காதவைக்கு.”

இரண்டாவது நிமிடம் முழுக்க அவர் கண்ணை மூடி நின்றதை நான் பார்த்திருந்தேன். யாரை நினைத்தார் என்று இன்னும் கேட்கவில்லை.