ஷூஸ்டர் வீட்டுச் சம்பந்தம்

டெக்ஸாஸில், கேட்டி என்கிற ஊரில், எங்கள் வீட்டுப் பக்கத்து மருந்துக் கடையில் அப்பாவின் பெயரைக் கூப்பிட்டால் நாங்கள் இரண்டு பேரும் எழுந்து நிற்போம். அவருக்கு அது பெயர், எனக்கு லாஸ்ட் நேம். நம் ஆட்களுக்குக் குடும்பப் பெயர் என்று ஒன்று கிடையாது, இனிஷியலோடு சரி. அமெரிக்கா வந்ததும் பாஸ்போர்ட்டில் இருக்கிற அப்பன் பெயர் நம் முதுகில் ஏறி உட்கார்ந்துகொள்கிறது. அப்பா பார்த்து வைத்த மாப்பிள்ளையைக் கட்டிக்கொண்டு நியூ ஜெர்சியில் கொஞ்ச காலம் குடித்தனம் நடத்தினேன். அது முறிந்தது. அப்பாவின் பெயர் மட்டும் இறங்கவில்லை. பேங்க்கிலும் டாக்டர் ஆபீஸிலும் முன்னால் ஒரு மிஸ் போட்டு அவர் பெயரைச் சொல்லித்தான் என்னைக் கூப்பிடுகிறார்கள்.

அதனால்தானோ என்னவோ, குபெர்டினோவில் வேலை பார்க்கும் என் தங்கை, தான் கட்டிக்கொள்ளப் போகிறவனின் குடும்பப் பெயரையே வைத்துக்கொள்ளப் போவதாகச் சொன்னபோது எனக்கு வயிறு எரிந்தது. ஷூஸ்டர். பையன் டெக்ஸாஸில் பிறந்து வளர்ந்தவன். முன்னோர்கள் ஜெர்மனியிலிருந்து கப்பல் ஏறி வந்து, ஆஸ்டினுக்கு மேற்கே மலைப்பக்கம் குடியேறியவர்களாம்.

அப்பா வானத்துக்கும் பூமிக்கும் குதிப்பார் என்று பயந்து, விஷயத்தைச் சொல்ல என்னைத்தான் முன்னால் தள்ளிவிட்டாள். அவர் குதிக்கவில்லை.

"ஜெர்மன்காரங்களா? நல்ல டிசிப்ளினான ஜனமாச்சே கண்ணு," என்றார்.

ஒரே வாரத்தில் ஈரோட்டுச் சொந்தபந்தம் அத்தனைக்கும் போன் போட்டாகிவிட்டது. "ஷூஸ்டர்னு பேருங்க. பரம்பரைக் குடும்பமுங்க," என்று அவர் ஹாலில் நடந்துகொண்டே சொல்வதை அடுப்படியில் நின்று கேட்டேன். என்ன ஆளுங்க, எந்தப் பக்கம் என்று அவர் ஒரு வார்த்தை கேட்கவில்லை. என் விஷயத்தில் அதை மட்டும்தான் கேட்டார்.

அப்பா மாப்பிள்ளை பார்ப்பதற்கு முன்னால் நான் கட்டிக்கொள்ள நினைத்த என் ஆள், என்னோடு கோயம்புத்தூரில் இன்ஜினீயரிங் படித்தவர். பெயருக்கு முன்னால் ஒரே ஒரு எழுத்து. அதை வைத்து ஒன்றும் கண்டுபிடிக்க முடியாது என்று நாங்கள் முட்டாள்தனமாக நம்பியிருந்தோம். அப்பா ஊரைக் கேட்டார், தெருவைக் கேட்டார், பிறகு ஆள் விட்டு விசாரித்தார். அவருடைய அப்பா பள்ளிக்கூட ஹெட்மாஸ்டர். அது போதவில்லை. தாத்தா சந்தையில் செருப்புத் தைத்தவர் என்று தெரிந்ததும்தான் விசாரணை முடிந்தது.

அது தெரிந்தும் அவரை எங்கள் ஈரோட்டு வீட்டுக்கு வரச் சொன்னார் அப்பா. மனசு மாறிவிட்டது என்று நினைத்துக் கேசரி கிண்டிய மடச்சி நான். உட்கார வைத்து நன்றாகவே பேசினார். கிளம்பும்போது வாசல் வரைக்கும் கூடவே போனார். அங்கே தன் செருப்பைக் காலால் அவர் பக்கம் தள்ளிவிட்டு, "என்ற செருப்பு வார் அறுந்து கெடக்குது தம்பி. போறப்ப அதக் கொஞ்சம் பாத்து விட்டுட்டுப் போயேன்," என்றார்.

அவர் குனிந்து அந்தச் செருப்பைப் பார்த்தார். அப்பாவின் முகத்தைப் பார்த்தார்.

"எனக்குத் தைக்கத் தெரியாதுங்க சார்," என்று சொல்லிவிட்டுத் தன் செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டார். அதன் பிறகு என் போனை அவர் எடுக்கவில்லை. எடுத்திருந்தால்தான் எனக்கு ஆச்சரியமாக இருந்திருக்கும்.

ஷூஸ்டர் என்றால் என்ன அர்த்தம் என்று ஒரு நாள் ஆபீஸில் சும்மா சர்ச் பண்ணிப் பார்த்தேன். செருப்புத் தைப்பவர். ஷூவைக் குறிக்கும் பழைய ஜெர்மன் சொல்லும், தைப்பவரைக் குறிக்கும் லத்தீன் சொல்லும் ஒன்றோடொன்று ஒட்டி, தேய்ந்து, சுருங்கி வந்த பெயர். தெற்கு ஜெர்மனியிலும் ஆஸ்திரியாவிலும் சர்வசாதாரணமாம். ஷூமாக்கர், ஷூபர்ட் என்று அதே தொழிலிலிருந்து வந்த பங்காளிப் பெயர்களும் உண்டு. ஊரே காலுக்குப் போட்டு நடந்திருக்கிறது, தைத்தவர்களும் அத்தனை பேர் இருந்திருக்கிறார்கள்.

படித்ததும் சிரித்துவிட்டேன். பக்கத்து சீட்டுக்காரி எட்டிப் பார்த்தாள். அத்தனை சந்தோஷம் எனக்கு வந்து எத்தனையோ காலம் ஆகிவிட்டது. இதை அப்பா முகத்துக்கு நேரே போட வேண்டும். ஒன்று, இந்தக் கல்யாணமும் வேண்டாம் என்று அவர் சொல்ல வேண்டும். இல்லை, அன்றைக்குத் தான் செய்தது தப்பு என்று என்னிடம் சொல்ல வேண்டும். இரண்டில் எது நடந்தாலும் எனக்குச் சம்மதம். தங்கையின் கல்யாணம் நின்றுபோனாலும் போகட்டும் என்றுதான் இருந்தேன். அவளுக்கு மட்டும் ஏன் எல்லாம் சுலபமாக நடக்க வேண்டும்?

சம்பந்தம் பேச, இந்தியக் கடைகளாக இருக்கும் ஹில்கிராஃப்ட் தெருவில் ஒரு தென்னிந்திய ஓட்டலில் சாப்பிடப் போனோம். நான், அப்பா, குபெர்டினோவிலிருந்து வந்திருந்த தங்கை, பையன், அவனுடைய அம்மா. அப்பா இல்லாத பையன். அந்த அம்மாள் தோசையைக் கையால் பிய்த்துத் தின்றுகொண்டே எல்லாவற்றையும் நன்றாக இருக்கிறது, நன்றாக இருக்கிறது என்றாள். நான் காபி வரும்வரை காத்திருந்தேன். பிறகு என் மிக நல்ல இங்கிலீஷில், உங்கள் குடும்பப் பெயருக்கு என்ன அர்த்தம் என்று கேட்டேன்.

தங்கை என்னை நிமிர்ந்து பார்த்தாள். அவளுக்குத் தெரிந்திருக்கிறது. "அக்கா, ப்ளீஸ்க்கா. வேணாம்," என்றாள் தமிழில்.

அந்த அம்மாளுக்கு முகமெல்லாம் பல். இதைச் சொல்ல வேண்டும் என்றுதான் வந்தேன் என்று பைக்குள் கையை விட்டாள். துணியில் சுற்றிய ஒரு பொருளை எடுத்தாள். மனிதக் கால் வடிவில் செதுக்கிய மரக்கட்டை, பழசாகிக் கறுத்துப் போயிருந்தது. கப்பலில் வந்த பாட்டன் இதன் மேல்தான் தோலை இழுத்துக் கட்டிச் செருப்புத் தைத்தாராம். வீட்டில் இரண்டு இருக்கின்றனவாம், ஒன்று இனி உங்கள் குடும்பத்துக்கு என்று அப்பாவிடம் நீட்டினாள்.

அப்பாவுக்கு இங்கிலீஷ் நன்றாகவே புரியும். இருந்தாலும் நான் விடவில்லை. பக்கத்து மேசைத் தமிழர்களுக்கும் கேட்கிற மாதிரி, "இவங்க செருப்புத் தைக்கறவங்களாம்ப்பா. தோல் வேலையாம்," என்றேன்.

அப்பா எழுந்து நின்றார். இரண்டு கையையும் நீட்டி அந்தக் கட்டையை வாங்கிக்கொண்டார். கண்ணில் ஒற்றிக்கொள்ளாததுதான் பாக்கி. "வெரி கிரேட் ட்ரெடிஷன் மேடம். இட் இஸ் அவர் ஹானர்," என்றார். அந்த அம்மாளுக்குக் கண் கலங்கிவிட்டது. தங்கைக்கும்தான். என் காபி ஆறிப்போய் ஆடை கட்டியிருந்தது.

தங்கை அவர்களோடு போய்விட்டாள். திரும்பும்போது காரில் நானும் அப்பாவும் மட்டும். கட்டையை மடியில் வைத்து அதன் மேலேயே சீட் பெல்ட்டைப் போட்டுக்கொண்டார்.

"உங்களுக்கு முன்னாடியே தெரியுமாப்பா?" என்று கேட்டேன்.

"என்ன, பேருக்கு அர்த்தமா? மொத நாளே போன்ல போட்டுப் பாத்துட்டனே. எதையும் விசாரிக்காம பொண்ணக் குடுப்பனா?"

"அப்புறம் எப்பிடி ஒத்துக்கிட்டீங்க?"

"அவங்களுக்கு அது தொழில் அம்மணி. விட்டா விட்டுப் போச்சு, பேரு மட்டும் நிக்குது. நம்மூர்ல அப்பிடியா?" குழந்தைக்குக் கணக்குச் சொல்லித் தருகிற குரலில் சொன்னார்.

ஸ்டியரிங்கை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். இத்தனை வருடம் எனக்குள் பத்திரமாக இருந்ததை அப்படியே, அவர் சொன்ன அதே இழுவையோடு எடுத்துச் சொன்னேன்.

"அப்ப சரிங்கப்பா. என்ற செருப்பு வார் அறுந்து கெடக்குது. மாப்பிள்ளை அடுத்த தடவ வர்றப்ப அதக் கொஞ்சம் பாத்து விட்டுட்டுப் போகச் சொல்லுங்க."

அப்பா பதறிப்போய் என் பக்கம் திரும்பினார்.

"சீ! என்ன பேச்சு இது? படிச்ச புள்ள பேசற பேச்சா? அந்தப் பையன் காதுல விழுந்தா அவன் மனசு என்ன பாடுபடும்? ஒரு மனுசனப் பாத்து இப்பிடிச் சொல்ல உனக்கு எப்பிடி வாய் வருது?"

"இது நீங்க சொன்னதுப்பா."

"நானா?"

"நம்ம வீட்டு வாசல்ல நின்னு சொன்னீங்க."

"யாரப் பாத்து?"

நான் திரும்பி அவர் முகத்தைப் பார்த்தேன். நடிக்கவில்லை. மரக்கட்டையின் மேல் கையை வைத்துக்கொண்டு, நெற்றியைச் சுருக்கி, அப்படி யாரிடம் சொல்லியிருப்போம் என்று உண்மையாகவே யோசித்துக்கொண்டிருந்தார். கேட்டி எக்ஸிட் வரும்வரை யோசித்தார். அவருக்கு ஞாபகம் வரவில்லை.