பனி காயும் முன்னே

நுண்ணோக்கியில் கண்ணை வைத்துவிட்டால் எங்கள் டாக்டரம்மாவுக்குக் காது கேட்காது. ஊட்டியில் கால்நடை நோய்களைப் பரிசோதிக்கும் சிறிய ஆய்வகம் அது. நான் அங்கே உதவியாளர். ஜன்னலுக்கு வெளியே மூடுபனி மரங்களை ஒவ்வொன்றாக எடுத்துக்கொண்டு போகும். மேஜையில் டீ ஆறிப்போகும். அவர் மட்டும் தூக்கத்தில் பேசுகிறவர் போல மெல்ல முணுமுணுத்துக்கொண்டிருப்பார். ஆட்டின் வயிற்றில் வாழும் உருளைப்புழுக்களோடுதான் அந்தப் பேச்சு. பெண் பார்க்கப் போனவர் மாதிரி தலை எப்படி, வால் எப்படி, உடம்பில் வரி ஓடுகிறதா என்று விசாரிப்பார். பிறகு பென்சிலால் வரைவார். எனக்குப் பொறுமை குறைவு. "புழுதானே டாக்டர், மருந்து எழுதிக் குடுத்தா ஆச்சு" என்பேன். "பாக்காம பேர் வெக்கக் கூடாதுங்க" என்பார். அதோடு சரி.

ஒரு மழைக்கால முற்பகலில், அரவேணுப் பக்கத்துத் தோட்டத்திலிருந்து இரண்டு பெண்கள் வந்தார்கள். ஒரே பஸ்ஸில் வந்தும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை. இரண்டு குடும்பமும் இலங்கையிலிருந்து வந்தவை. ஒரே லயத்தில், தோட்டத்து வரிசைக் குடியிருப்பில், சுவர் ஒட்டிய வீடுகள். இளையவள் கொழுந்து பறிப்பவள். அவள் கொண்டுவந்த வாளியில், அன்று காலை செத்துப்போன வெள்ளாட்டின் இரைப்பை இருந்தது. மூத்தவள் வேலையிலிருந்து நின்றுவிட்டவள்.

"ஒண்ணு மாத்தி ஒண்ணு சாகுதுங்க. தாடைக்குக் கீழ வீங்குது, சோந்து விழுந்திருது. இவ ஆடு மட்டும் கொழுகொழுன்னு நிக்குது. இவதான் என்னமோ வச்சிட்டா" என்றாள் இளையவள்.

மூத்தவள் என்னைப் பார்த்துப் பதில் சொன்னாள். "ஞாயித்துக்கிழம கோயில்ல நான் ஒண்ணும் வெக்கலன்னு கற்பூரத்த அணைச்சுச் சத்தியம் பண்ணச் சொல்லுறாங்க தாயி. பண்ணிட்டா ரெண்டு வீட்டுக்கும் தண்ணிகூடப் பொழங்கக் கூடாது. அவ புள்ளைங்க என் மடியில வளந்ததுங்க."

டாக்டரம்மா இரைப்பையைத் திறந்தார். உட்சுவரெங்கும் சிவப்பும் வெள்ளையும் முறுக்கிய நூல் துண்டுகள் நெளிந்தன. பார்த்ததுமே புழுவின் பேரைச் சொல்லிவிட எனக்கு நாக்கு துடித்தது. அவரோ ஒவ்வொன்றாகக் கண்ணாடியில் வைத்துப் பார்த்தார். சிவப்பு, அது குடித்திருந்த ரத்தம். வெள்ளை, பெண்புழுவின் கருக்குழல். ரத்தம் நிறைந்த குடலைச் சுற்றிச் சுற்றி ஓடுகிறது. ஆண்புழுவின் வால் விரித்த குடை போல இருக்க, அதில் ஒரு மடல் மட்டும் நடுவை விட்டு விலகியிருந்தது. அந்த அடையாளத்தைப் பார்த்த பிறகுதான் நிமிர்ந்தார்.

"விஷமில்லீங்க. ரத்தம் குடிக்கிற புழு. ஏனுங்கம்மா, ஆட்டை எப்ப மேய்ச்சலுக்கு ஓட்டுவீங்க?"

"விடியக்காலையில, பெரட்டுக்கு முன்னாடிங்க. பேர் கூப்புடுறதுக்குள்ள நான் அங்க நிக்கணும். பசியோட கட்டிப் போட்டுட்டுப் போக மனசு வராது. பனிப்புல்லுன்னா அதுகளுக்கு உசுரு."

மூத்தவளிடமும் கேட்டார். மூட்டு வலியாம், வெயில் ஏறாமல் அவளால் எழுந்திருக்க முடியாதாம், அதற்குப் பிறகுதான் ஆட்டை அவிழ்ப்பாளாம்.

புழுக்கையில் பொரித்த குஞ்சுப்புழு ஈரம் இருக்கும்வரை புல்நுனிக்கு ஏறி நிற்கும், பனி காய்ந்தால் கீழே இறங்கிவிடும் என்று டாக்டரம்மா அதே கனவுக் குரலில் விளக்கினார். பிறகு இளையவளை நுண்ணோக்கியில் பார்க்கச் சொன்னார். அவள் வெகுநேரம் குனிந்தே இருந்தாள்.

"நானே இத அதுகளுக்கு ஊட்டியிருக்கேனே" என்றாள்.

மூத்தவள் அப்போதுதான் அவள் பக்கம் திரும்பினாள். "அழுவாதடி. நாளையிலருந்து நீ ஆட்ட அவுக்காம வேலைக்குப் போ. வெயில் வந்ததும் என் ஆட்டோட சேத்து நான் ஓட்டிக்கிறேன்."

அந்த ஞாயிற்றுக்கிழமை யாரும் சத்தியம் செய்யவில்லை.

இப்போது டாக்டரம்மா ஓய்வு பெற்றுவிட்டார். வேறொரு டாக்டர் வந்திருக்கிறார்; வேகமானவர். போன மாதம் இளையவள் ஆட்டுப் புழுக்கை சோதிக்க வந்திருந்தாள். மூத்தவள் இறந்துவிட்டாளாம். அவள் ஆடுகளும் இவளிடம்தான் இருக்கின்றன.

"காலையில யாரு ஓட்டுறாங்க?" என்று கேட்டேன்.

"யாருமில்லீங்க. மத்தியானச் சோத்துக்கு வந்துதான் அவுத்து விடுறேன். பனி நேரத்துல பசியில கத்துதுங்க, கேக்க முடியல. காதப் பொத்திக்கிட்டு பெரட்டுக்குப் போறேன்" என்றாள்.