வலது இறக்கைத் தொட்டி

2023 அக்டோபர் 26, வியாழக்கிழமை, காலை ஏழு மணி பத்து நிமிடம். வானம் மூடியிருந்தது, மழை இல்லை. கடல் பக்கத்துக் காற்றில் சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது. அச்சரப்பாக்கத்துக்கு மேற்கே நாங்கள் வாடகைக்கு எடுத்திருந்த பழைய கோழிப்பண்ணைக் கொட்டகையின் வாசலில், நானும் என் நண்பரும் ஐந்து ஆண்டுகளாகக் கட்டிய இரண்டு இருக்கை விமானம் நின்றது. அதன் இறக்கைத் தொட்டியிலிருந்து பெட்ரோல் எடுத்து இன்ஜின் ஓடப்போகும் முதல் நாள் அது. அதுவரை வெளியே ஒரு கேனைத் தொங்கவிட்டு ஓட்டிப் பார்த்ததோடு சரி.

அவர் உள்ளே உட்கார்ந்து இன்ஜினைக் கிளப்பினார். நான் இறக்கையின் நுனியில் தீயணைப்பானோடு நின்றேன். நாலாவது நிமிடம், வலது இறக்கைக்குள் எண்ணெய் டின்னைக் காலால் மிதித்ததுபோல ஒரு சத்தம். இன்ஜின் இரண்டு முறை செருமிவிட்டு நின்றது. இறக்கையின் அடித்தகட்டிலிருந்து பெட்ரோல் சொட்டியது, பிறகு கோடாக ஒழுகியது. நான் கத்தினேன். அவர் சுவிட்சுகளை அணைத்து இறங்கி வருவதற்குள் எனக்குப் பாதி உயிர் போய்விட்டது. தீப்பிடிக்கவில்லை.

நாங்கள் இருவரும் கல்பாக்கத்தில் ஒரே பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர்கள். அவர் கோவளத்துக்காரர். முப்பது வருடம் பொறியாளராக இருந்தும் ஊர்ப் பேச்சை விடவில்லை. அந்த ஜூன் மாதம் அவர் நுரையீரலில் கட்டி என்று தெரிந்தது. பொங்கல் வரை நடமாடுவார், அதற்கு மேல் சொல்ல முடியாது என்றார் டாக்டர். அதன்பின் அவர் கேட்டது ஒன்றுதான். டிசம்பருக்குள் இந்த விமானத்தில் ஏறி, மாமல்லபுரம் வரை போய், கடல்மேல் ஒரு சுற்று சுற்றிவிட்டு வர வேண்டும். ஓட்டுவதற்கு ஓய்வுபெற்ற விமானி ஒருவர் சம்மதித்திருந்தார். இவர் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்தால் போதும்.

தொட்டிகள் இரண்டும் என் வேலை. அலுமினியத் தகட்டை வளைத்து, ஒவ்வொரு ரிவிட்டையும் சீலண்ட் பசையில் தோய்த்து அடித்தேன். ஒரு தொட்டிக்கு இருநூற்றுப் பன்னிரண்டு ரிவிட்டு. அடித்து முடித்ததும் காற்றடைத்து, தொட்டியின் வாயில் பலூன் கட்டி, தையல் நெடுக சோப்புத் தண்ணீர் தடவி, ஒரு குமிழி வருகிறதா என்று பூதக்கண்ணாடியால் பார்த்தேன்.

"இன்னாய்யா கணக்குப்பிள்ள, ரிவிட்டு ரிவிட்டா எண்ணிகினே கீற? நான் செத்தப்புறம் என் சாம்பல ஏத்தினு போலாம்னா?" என்பார்.

"ஒழுகினால் யார் பதில் சொல்வது?"

"ஒழுகினா நக்கிட்டுப் போறேன், சீக்கிரம் முடிய்யா."

ஒழுகவில்லை. மறுநாள் காலையிலும் பலூன் விறைப்பாகவே நின்றது. இதை நான் எங்கே வேண்டுமானாலும் சொல்வேன்.

தொட்டியின் மேல்பக்கத்திலிருந்து பென்சில் பருமனுள்ள ஒரு குழாய் இறங்கி, இறக்கைக்கு அடியில் வெளியே எட்டிப் பார்க்கும். பெட்ரோல் குறையக் குறைய அந்த வழியாகக் காற்று உள்ளே போக வேண்டும். போகாவிட்டால் பம்ப் இழுக்கிற இழுப்பில் தொட்டி உள்வாங்கி நசுங்கிவிடும். அன்று வாய்வரை நிரப்பியிருந்தோம், உள்ளே காற்றே இல்லை. நசுங்க நாலு நிமிடம் போதும்.

பெட்ரோலை வடித்தபின் நான் அடியில் படுத்து அந்தக் குழாய்க்குள் கம்பியை விட்டேன். மஞ்சளாகக் காய்ந்த கட்டி ஒன்று உதிர்ந்து என் கண்ணாடிமேல் விழுந்தது. ஓரத்தில் சிவப்பு. சந்தனமும் குங்குமமும்.

மூன்று நாள் முன்பு ஆயுத பூஜை. அவர் மனைவி கோவளத்திலிருந்து பொரி, பழம், பூசணிக்காயோடு வந்து எல்லாவற்றுக்கும் பொட்டு வைத்தார். டிரில்லுக்கு, கம்ப்ரசருக்கு, புரொப்பெல்லருக்கு, நான் பிடித்திருந்த தீயணைப்பானுக்குக்கூட. பூசணிக்காயைக் கொட்டகைக்குள் உடைத்து யாராவது வழுக்கி விழுந்துவிடுவார்களோ என்பதே அன்று என் கவலை. அந்த அம்மாள் குனிந்து இறக்கைக்கு அடியில் போனதை நான் கவனிக்கவில்லை.

கட்டியை நண்பரிடம் நீட்டினேன். உள்ளங்கையில் வைத்துப் பார்த்தார். சிரித்தார். சிரிப்பு இருமலாகி, பெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார்.

"அவகிட்ட சொல்லிடாத."

"வேறென்ன சொல்வது?"

"உன் ரிவிட்டு வுட்டுச்சுன்னு சொல்லு."

"என் ரிவிட்டு விடவில்லை!"

"எனக்குத் தெரியும்யா. அவளுக்குத் தெரிய வாணாம். நான் போனப்புறம் இத்த நெனச்சிகினே குந்தினிருப்பா."

அன்று மாலை அவர் வீட்டில், காப்பி கொண்டுவந்த மனைவியிடம் அவரே சொன்னார்: "இவன் ஒட்டுன தொட்டி வுட்டுடுச்சு." அந்த அம்மாள் என்னைப் பார்த்தார். நான் காப்பியைப் பார்த்தேன்.

இறக்கைத் தகட்டைப் பிரித்து, நசுங்கியதை எடுத்துவிட்டுப் புதுத் தொட்டி செய்ய வேண்டியிருந்தது. மீதியிருந்த சீலண்ட் டப்பாவில் காலாவதித் தேதி தாண்டியிருந்தது. "அதையே பூசு, ஒரு ரவுண்டு தாங்காதா?" என்று கெஞ்சினார். நான் மாட்டேன் என்றேன். புதிய டப்பா வர ஆறு வாரம் ஆயிற்று. நடுவில் மழை வந்து கொட்டகைக்குள் முழங்கால் தண்ணீர், எட்டு நாள் கரண்ட் இல்லை. அவர் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருப்பார். பிறகு வாரம் ஒருமுறை வந்தார். பிறகு போனில் மட்டும், "எத்தினி ரிவிட்டு ஆச்சு?"

ஜனவரி கடைசியில் தொட்டி தயாரானது. அவரைக் காரில் கூட்டிவந்து, நானும் டிரைவரும் தூக்கி இருக்கையில் வைக்கப் பார்த்தோம். காலை மடக்க முடியவில்லை. இறக்கையைக் கையால் ஒருமுறை தடவினார். "போலாம்" என்றார். காரைத்தான் சொன்னார். பதினோராம் நாள் இறந்தார்.

காரியம் முடிந்த மறுவாரம், அவர் மனைவி தன் அண்ணனோடு செங்கல்பட்டில் என் வீட்டுக்கு வந்தார். தண்ணீர்கூட வாங்கிக்கொள்ளவில்லை.

"அவுரு ஆசப்பட்டது ஒண்ணே ஒண்ணுண்ணே. உங்க கைவேலையால போச்சு."

"மச்சான் போட்ட பாதி பணத்தக் குடுத்துடு, சார்," என்றார் அண்ணன். "ஓட்டைத் தொட்டி செஞ்சி வெச்சிகினு இன்னா இன்ஜினீரு நீ?"

உண்மையைச் சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தேன். அதற்குள் அந்த அம்மாள் சொன்னார்:

"நல்லவேள, அன்னிக்குப் பூஜையில ஒண்ணு வுடாம, கீழ குனிஞ்சி பாத்துப் பாத்துப் பொட்டு வெச்சேன். அதான் தீப்புடிக்காம அவரு பொழச்சாரு. மூணு மாசம் என்கூட இருந்தாரு. இல்லாங்காட்டி அன்னிக்கே..." முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார்.

நான் உள்ளே போய்க் காசோலைப் புத்தகத்தை எடுத்து வந்தேன். "ரிவிட்டு சரியாகப் பிடிக்கவில்லை, அம்மா," என்றேன். என் வாழ்நாளில் என் வேலையைப் பற்றி நான் சொன்ன ஒரே பொய் அது. அதைச் சொல்லும்போது அந்த அண்ணன் தலையாட்டியதை இன்றுவரை என்னால் மன்னிக்க முடியவில்லை.

விமானம் பறக்கவில்லை. துண்டு துண்டாக விற்றேன், கொட்டகையின் வாடகை பாக்கிக்கு அது சரியாகப் போயிற்று. காசோலையில் எழுதிய அவர் பங்கு நாலு லட்சத்து எண்பத்தைந்தாயிரம். இரண்டாவது தொட்டிக்குத் தகடு, ரிவிட்டு, சீலண்ட் எல்லாம் சேர்த்து இருபத்தேழாயிரத்து நானூறு. என் கையிலிருந்து போனது ஆகமொத்தம் ஐந்து லட்சத்துப் பன்னிரண்டாயிரத்து நானூறு ரூபாய்.