வேட்டுச் சத்தம்

பழைய ஸ்போர்ட்ஸ் கார் ஒன்று வாங்கினேன். அது போதுமான அளவு உறுமவில்லை என்பதுதான் என் பெரிய கவலை. தஞ்சாவூரில் ஒரு பட்டறையில் சைலன்சரை மாற்றி, ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்தால் பட்பட்டென்று வெடிக்கும்படி டியூனிங்கும் செய்துகொண்டேன். அந்த வாரம் மட்டும் நான்கு முறை அங்கே போனேன்.

ஞாயிறு மதியம் குடவாசல் பக்கத்திலுள்ள எங்கள் ஊருக்கு ஓட்டிப் போனேன். தெருமுனையில் வேண்டுமென்றே காலை எடுத்தேன். ஐந்தாறு முறை வெடித்தது. எங்கள் தெருவில் வேட்டுச் சத்தம் கேட்டால் சாவு என்று அர்த்தம். அது எனக்குத் தெரியாததல்ல.

எதிர்வீட்டு செல்வி அக்கா தலைவிரிகோலமாக ஓடிவந்தார். அவருடைய கணவர் தஞ்சாவூர் ஆஸ்பத்திரியில் நினைவில்லாமல் கிடந்தார். அக்கா கார்க் கண்ணாடியில் முகத்தை வைத்துப் பின்சீட்டைத் தேடினார்.

“தம்பி, அவரக் கொண்டாந்துட்டியா?”

“இல்லக்கா. அது வண்டிச் சத்தம்க்கா.”

அக்கா சூடான பானட்டைப் பிடித்துக்கொண்டு நின்றார். திட்டுவார் என்று காத்திருந்தேன். அவர் கேட்டது வேறு.

“போன்ல யாரும் உண்மையச் சொல்ல மாட்டேங்கிறாங்க. நீ அங்கதானே இருக்க, போயி பாத்தியா?”

பட்டறைக்குப் போகும் வழியில்தான் அந்த ஆஸ்பத்திரி.

“பாத்தேங்கா. நல்லா இருக்காரு,” என்றேன்.

மறுநாளே பழைய சைலன்சரை மாட்டிவிட்டேன். அக்காவின் கணவரும் பிழைத்து வீடு திரும்பினார். என்னைப் பார்க்கும்போதெல்லாம் கையைப் பிடித்துக்கொள்வார்.

“நீ வந்து பாத்தியாமே தம்பி. எனக்குத்தான் நெனவில்ல.”

இன்றுவரை நான் அவரைத் திருத்தவில்லை.