முத்துக்குமரனின் வாய் கேரண்டி

பிழைக்கத் தெரியாத பிள்ளை என்று ஊரில் யாரையாவது சொல்லிக்கொண்டே இருப்பார்கள். நான் அப்படி ஒருவனைப் பக்கத்துக் கடையிலேயே வைத்துக்கொண்டு நாலு வருஷமாக மல்லுக்கட்டுகிறேன். பெயர் முத்துக்குமரன். மதுரை கோச்சடையில் என் தையல் கடைக்கு அடுத்த கடை அவனுடையது. சார்ஜர், செல்போன் கவர், இயர்பட்ஸ் எல்லாம் விற்பான், ரிப்பேரும் பார்ப்பான். ரெண்டு கடைக்கும் நடுவில் ஒரே ஒரு சுவர். அவன் கடையில் யார் என்ன பேசினாலும் எனக்குக் கேட்கும். கேட்காவிட்டால் மிஷினை நிறுத்திவிட்டுக் கேட்பேன், எனக்கென்ன வெட்கம்.

அவன் சொந்த ஊர் சோழவந்தான் பக்கம். அம்மா முனியாயி கொடிக்காலில் வெற்றிலை கிள்ளுகிறவர். அந்தக் கூலியில்தான் மகனை டிப்ளமோ படிக்க வைத்தார். படித்து முடித்ததும் சென்னையில் ஒரு சர்வீஸ் சென்டரில் வேலை. ஏசி ரூம், கழுத்தில் அடையாள அட்டை, நல்ல சம்பளம். ஆனால் அங்கே ரிப்பேர் பார்ப்பது பாதி வேலை, வந்தவர்களைத் திருப்பி அனுப்புவது மீதி வேலை. எந்தப் பொருள் வந்தாலும், 'தண்ணி பட்டிருக்கு, தப்பு உங்க மேலதான், கேரண்டி செல்லாது' என்று சொல்லிவிட வேண்டுமாம். ஒருநாள் ஒரு அம்மா, மகன் வாங்கிக் கொடுத்த பட்ஸைச் சேலை முந்தியில் முடிந்து கொண்டுவந்து, நான் தண்ணீரில் போடவே இல்லையே என்று அழுதிருக்கிறார். போடவில்லை என்று இவனுக்கும் தெரிகிறது. அந்த முகத்தைப் பார்த்துப் பொய் சொல்ல வாய் வரவில்லை. அன்றைக்கே வேலையை விட்டுவிட்டு மதுரைக்கு பஸ் ஏறிவிட்டான்.

இங்கே கடை போட்டபோதே அந்த வீராப்பு கூடவே வந்துவிட்டது. கார்டு கிடையாது, சீல் கிடையாது. கீழே விழுந்தாலும் வியர்வை பட்டாலும் ஒரு வருஷத்துக்கு என் வாய்தான் கேரண்டி என்பான். வாங்கினவர் மேல் தப்பு என்ற பேச்சு இந்தக் கடையில் வராது என்பான். கேட்கிறவர்களுக்கு இனிக்கும், எனக்குக் கசக்கும். வாயைக் கொடுத்து வம்பை வாங்குவதென்றால் இதுதானே?

ஒன்று சொல்ல வேண்டும், சும்மா அளக்கிறவன் இல்லை. புதிதாக ஒரு மாடல் வந்தால் முதலில் தன் காதில் போட்டுக்கொண்டு திரிவான். டவுன் பஸ் படிக்கட்டில் நின்றுகொண்டு அம்மாவோடு பேசுவான். ஆடி வெயிலில் வியர்க்க வியர்க்கச் சைக்கிள் மிதிப்பான். உறுமி மேளத்தைப் போட்டுக் கேட்டு, அடி வயிற்றில் விழுகிறதா, வெறும் தகர டப்பா சத்தமா என்று பார்ப்பான். பொங்கல் சமயத்தில் அலங்காநல்லூர் ஜல்லிக்கட்டுக் கூட்டத்துக்குள் நின்றுகொண்டு எனக்கு போன் போட்டு, நான் பேசுவது கேட்கிறதா அக்கா என்றான். தெளிவாகக் கேட்டது. வேலை வெட்டி இல்லையா உனக்கு என்று திட்டி வைத்தேன். ஆனால் அவன் பொருள் உழைத்தது, அதை நான் மறுக்க மாட்டேன். ஒன்றரை வருஷமாக அவன் கொடுத்த பட்ஸைப் போட்டுக்கொண்டுதான் நான் பிளவுஸ் தைக்கிறேன்.

எங்கள் ரெண்டு கடைக்கும் ஓனர் நல்லகாமன் அண்ணன். அலங்காநல்லூர் ரோட்டில் வயல், கோச்சடையில் கடைகள், கறாரான மனுசன். ஒரே மகள் சுபலட்சுமி, கனடாவில் வேலை. மகளோடு பேசுவதற்கென்றே முத்துக்குமரனிடம் ஒரு பட்ஸ் வாங்கினார். ஞாயிற்றுக்கிழமை காலையில் அதைக் காதில் மாட்டிக்கொண்டு வைகைக் கரையோரம் நடந்தபடி பேசுவார். வீட்டில் வைத்துப் பேசமாட்டார், அவர் வீட்டுக்காரி சீனியம்மாள் மதினி குறுக்கே பேசிவிடுமாம். நானும் காய்கறி வாங்கப் போகும்போது பார்ப்பேன். கொஞ்ச நாளாக அவர் பேசுவதே ஒரு மாதிரி இருந்தது. ம், சரி, பாப்போம், பாப்போம் என்பதற்கு மேல் ஒரு வார்த்தை கிடையாது. அப்பனும் மகளும் பேசுகிற லட்சணம் இதுதானா என்று நினைத்துக்கொண்டேன்.

போன ஆடியில்தான் முத்துக்குமரனுக்குக் கிரகம் பிடித்தது. ஒரு பக்கம் கேட்கவில்லை, சத்தம் அமுங்குகிறது, கிணற்றுக்குள்ளிருந்து பேசுகிற மாதிரி இருக்கிறது என்று வரிசையாக ஆட்கள் வந்தார்கள். இவனும் ஒன்றும் கேட்காமல் புதிதை எடுத்துக் கொடுப்பான். கொடுத்தது கொஞ்ச நாளில் திரும்பி வரும். மொத்தக் கடைக்காரன் மட்டமான சரக்கைத் தள்ளிவிட்டான் என்று அவனோடு சண்டை போட்டுவிட்டு, வேறு இடத்தில் சரக்கு எடுத்தான். அதுவும் திரும்பி வந்தது. கோச்சடை முழுக்க டூப்ளிகேட் கடை என்று பேச்சாகிவிட்டது. ஊர் வாயை மூட உலைமூடி உண்டா?

அந்த ஞாயிற்றுக்கிழமை நல்லகாமன் அண்ணன் வந்தார். இதோடு மூன்றாவது ஜோடி. டப்பாவை மேசையில் போட்ட வேகத்தில் அது உருண்டு கீழே விழுந்தது.

"என் பிள்ள பேசுறது எனக்குக் கேக்கல. என் கடையில ஒக்காந்துக்கிட்டு எனக்கே டூப்ளிகேட் விக்கிற. ஆடியில யாரையும் காலி பண்ணச் சொல்லக்கூடாது. ஆவணி ஒண்ணாந்தேதி சாவிய என் கையில குடுத்துரு."

முத்துக்குமரன் குனிந்து டப்பாவைப் பொறுக்கி எடுத்தான். அவர் போனபிறகு நான் எழுந்து போய்ப் பார்த்தேன். முகம் செத்துப்போயிருந்தது. இனி என்ன செய்வாய் என்று கேட்டேன். சென்னை சர்வீஸ் சென்டரில் பழைய வேலைக்குத் திரும்பவும் கூப்பிடுகிறார்கள், வேறு வழியில்லை என்றான். எந்தப் பொய்யைச் சொல்ல மாட்டேன் என்று ஓடிவந்தானோ, அதையே சொல்லிச் சம்பளம் வாங்கப் போகிறான். எனக்குப் பாவமாகவும் இருந்தது, கோபமாகவும் வந்தது. திறந்துதான் பாரேன், உள்ளே என்ன இருக்கிறதென்று, எடுத்து எடுத்துக் கொடுக்கிற கர்ணனா நீ என்று கத்தினேன்.

அப்போதுதான் உட்கார்ந்தான். அண்ணன் வீசிய பட்ஸில் காதுக்குள் போகிற ரப்பரைக் கழற்றினான். சத்தம் வருகிற ஓட்டையில் பொடிசாக ஒரு வலை இருக்கும். அதை லென்ஸ் வைத்துப் பார்த்தான். டிஷ்யூ பேப்பரில் குப்புற வைத்து அழுத்தினான். பேப்பரில் பளபளவென்று ஒரு வட்டம் பரவியது. மோந்து பார்த்தான். என்னிடமும் நீட்டினான்.

நானும் மோந்தேன். நல்லெண்ணெய், அதுவும் பூண்டு தட்டிப் போட்டுக் காய்ச்சிய நல்லெண்ணெய். எந்த வீட்டு அடுப்பில் காய்ந்தது என்றுகூட எனக்குத் தெரியும். நல்லகாமன் அண்ணன் சனிக்கிழமை தவறாமல் எண்ணெய் தேய்த்துக் குளிக்கிறவர். சீனியம்மாள் மதினி எண்ணெயைப் பூண்டு போட்டுக் காய்ச்சி, இளஞ்சூட்டில் ரெண்டு காதிலும் ஊற்றிவிடும். மறுநாள் விடிந்ததும் அந்தக் காதுக்குள்தான் பட்ஸ் போகிறது.

திரும்பி வந்தவற்றையெல்லாம் ஒரு அட்டைப்பெட்டியில் போட்டு வைத்திருந்தான். ஒவ்வொன்றாக எடுத்து அழுத்தினோம். ஒன்றில் மிளகு வாசம், ஒன்றில் வெறும் எண்ணெய், இன்னொன்றில் சீயக்காய்த் தூள் கூடக் கலந்திருந்தது. கோச்சடைக் குளியலறை அத்தனையும் அந்தப் பெட்டிக்குள் இருந்தது. ஆடிச் சூட்டுக்குத் தெருவே எண்ணெயில் மிதந்திருக்கிறது. ஆண்கள் ஞாயிற்றுக்கிழமையும் பெண்கள் சனிக்கிழமையும் ஏன் சண்டைக்கு வந்தார்கள் என்று அப்போதுதான் புரிந்தது. பெண்களுக்குத்தான் வெள்ளிக்கிழமை குளியலாயிற்றே. எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. என் பட்ஸ் ஏன் கெடவில்லை என்பதும் விளங்கிவிட்டது. எனக்கு எண்ணெய் தேய்த்தால் சளி பிடிக்கும், நான் தேய்ப்பதே இல்லை.

சரி, கண்டுபிடித்தாகிவிட்டது, போய்ச் சொல்லிவிட்டு வா என்றேன். மாட்டேன் என்றான். எனக்கு வந்த ஆத்திரத்துக்குக் கையில் கத்தரிக்கோல் இல்லாததே நல்லதாகப் போயிற்று.

"அக்கா, தப்பு உங்க மேலதான்னு நான் ஒருத்தர்ட்டயும் சொல்ல மாட்டேன். அது நெசமாவே இருந்தாலும், இப்ப சொன்னா கடையக் காப்பாத்திக்கிறதுக்குச் சொல்ற மாதிரிதான் இருக்கும்."

"அப்ப கடையப் பூட்டிட்டுப் போ. போயி அங்க தெனமும் சொல்லு."

அது அவனுக்குச் சுருக்கென்று தைத்திருக்க வேண்டும். அட்டைப்பெட்டியை ஓரமாகத் தள்ளி வைத்தான். பிறகு செல்போன் போர்டு கழுவுகிற ஸ்பிரிட்டில் பிரஷை நனைத்து, அண்ணனுடைய பட்ஸின் வலையை மெல்லத் துடைத்துத் துடைத்து எடுத்தான். காதில் போட்டுப் பார்த்துவிட்டு, புதுசு மாதிரி இருக்கிறது என்று எனக்கும் மாட்டிவிட்டான். உறுமி சும்மா கிடுகிடு என்று இறங்கியது. நல்ல பொருள்தான். பாவம், எண்ணெய்க்குள் முழுகிக் கிடந்திருக்கிறது.

அவர் வீட்டுக்குப் போய், இந்த ஒரு வாரம் மட்டும் பட்ஸ் என்னிடமே இருக்கட்டும், ஞாயிற்றுக்கிழமை காலையில் நானே கொண்டுவந்து தருகிறேன் என்று கேட்டுவிட்டு வந்தான். காரணம் சொல்லவில்லை. போகிறவன்தானே, கேட்டுவிட்டுப் போகட்டும் என்று அண்ணனும் விட்டுவிட்டார். ஆனால் காதில் எண்ணெய் இருந்தால் ஞாயிற்றுக்கிழமையும் பழைய கதைதான். அதை அவன் சொல்ல மாட்டான். நான் என்ன அவனைப் போலச் சத்தியமா செய்திருக்கிறேன்? சனிக்கிழமை காலையிலேயே ஜாக்கெட் அளவு எடுக்கிற சாக்கில் மதினியிடம் போனேன்.

"மதினி, அண்ணன் காதுல நீங்க ஊத்துற எண்ணெய்லதான் முத்துக்குமரன் கடை முழுகப் போகுது."

மதினி முதலில் முறைத்தது. முழுசாகச் சொன்னதும் வாயில் கை வைத்தது. காதுக்கு ஊற்றாவிட்டால் அந்த மனுசனுக்குக் குளித்த மாதிரியே இருக்காது என்றது. ஊற்றுங்கள், அப்புறம் மெல்லிசான துணியில் நன்றாகத் துடைத்துவிடுங்கள், அது போதும் என்றேன்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் முத்துக்குமரன் பட்ஸைக் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வந்தான். அண்ணன் வாங்கிக்கொண்டு ஆற்றுப் பக்கம் போய்விட்டார். அவ்வளவுதான். அன்றைக்கும் வரவில்லை, மறுநாளும் வரவில்லை. ஆள் இந்தப் பக்கமே தலைகாட்டவில்லை. மதினிக்கு போன் போட்டால், ஆற்றிலிருந்து வந்ததிலிருந்து மனுசன் யாரோடும் பேசவில்லை, மொட்டைமாடிக்குப் போய்ப் போய் மகளோடு மட்டும் பேசுகிறார் என்றது. முத்துக்குமரன் மேசை டிராயரைக் காலி செய்யத் தொடங்கினான். முனியாயி அம்மா வந்து கண்ணாடி அலமாரியைத் துடைத்துக் கட்டி வைத்தார். சுவருக்கு அந்தப் பக்கம் டேப் ஒட்டுகிற சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. எனக்கு அந்த வாரம் ஒரு தையல்கூட நேராக விழவில்லை.

ஆவணி ஒன்று சனிக்கிழமையாக வந்தது. காலையில் நல்லகாமன் அண்ணன் வந்து நின்றார். இன்னும் குளிக்கவில்லை. மிஷினை நிறுத்திவிட்டு உட்கார்ந்து கேட்கப் பொறுமையில்லை, எழுந்து அவன் கடை வாசலுக்கே வந்துவிட்டேன். முத்துக்குமரன் சாவியை எடுத்து மேசைமேல் வைத்தான். அவர் அதைப் பார்க்கவே இல்லை.

"எண்ணெய்னு ஒங்க மதினி நேத்துத்தான் சொன்னா," என்று என்னைப் பார்த்துச் சொன்னார். பிறகு அவனைப் பார்த்தார். "ஏண்டா, அத அன்னைக்கே எங்கிட்டச் சொல்ல வேண்டியதுதான?"

"தப்பு ஒங்க மேலன்னு சொல்றதுக்கு மனசு வரலைங்கய்யா."

அந்தக் கறாரான மனுசனின் கண் கலங்கியதை நான் அன்றைக்குத்தான் பார்த்தேன்.

"மூணு வாரமா எம்பிள்ள, இங்க முடியலப்பா, வேலைய விட்டுட்டு ஊருக்கு வந்துரட்டுமான்னு கேட்டுருக்கு. எனக்குக் காதுல விழுகல. கேக்கலன்னு சொன்னா கிழவனாயிட்டேன்னு நெனைப்பாளேன்னு, பாப்போம் பாப்போம்னே சொல்லியிருக்கேன். அப்பா நம்மள வரவேணாங்கிறார்னு நெனச்சுட்டா. போன ஞாயித்துக்கிழமதான், அவ அழுகுறது கேட்டுச்சு."

பிள்ளை என்ன சொன்னது என்று நான்தான் கேட்டேன். ஐப்பசிக்குள் வந்துவிடுகிறாள் என்றார். அதைச் சொல்லும்போதே முகம் மலர்ந்துவிட்டது.

பிறகு சட்டைப்பையிலிருந்து பட்ஸ் டப்பாவை எடுத்து, மேசையிலிருந்த சாவிமேல் வைத்தார். ரெண்டையும் சேர்த்து அவன் பக்கமே தள்ளிவிட்டார்.

"இன்னைக்குச் சனிக்கிழம. நான் எண்ணெய் தேச்சுக் குளிக்கப் போறேன். இது ஒங்கிட்டயே இருக்கட்டும், தொடச்சு எடு, நாளைக்குக் காலைல வாங்கிக்கிறேன். வாராவாரம் இப்படித்தான், கடையத் தொறந்து வையி."