அங்கத நாவலுக்குப் பயன் சொன்ன வகுப்பு

எண்பதுகளின் நடுப்பகுதியில் நான் யாழ்ப்பாணத்தில் மெய்யியல் படிப்பித்துக்கொண்டிருந்தேன். ஒழுக்கவியல் வகுப்புக்கென்று பாடநூல்கள் இருந்தன. அவற்றை ஒரு பக்கத்தில் வைத்துவிட்டுப் பழைய அமெரிக்க அங்கத நாவல்களை எடுத்துக்கொண்டேன். நல்லவர்களாக இருப்பதற்கும் நல்லவர்களைப் போலக் கதைப்பதற்கும் உள்ள வித்தியாசத்தை அந்த நாவல்களைப் போல எந்தப் பாடநூலும் காட்டாது என்பது என் எண்ணம். அந்த எண்ணத்தை இன்றும் மாற்றவில்லை. மாற்றிக்கொண்டது என் வாயை.

புத்தகங்கள் மானிப்பாயிலிருந்து கிடைத்தவை. மிசன் காலத்து அலுமாரி ஒன்று அங்கே ஒரு வீட்டில் திறப்பாரில்லாமல் இருந்தது. "கறையான் தின்னுறதுக்கு முதல் கொண்டுபோங்கோ" என்று வீட்டுக்காரர் தந்துவிட்டார். ஒவ்வொன்றிலும் ஒரே ஒரு பிரதி. முழு வகுப்பும் ஒரு பிரதியை எப்படிப் படிப்பது?

எங்கள் கோயில்களில் புராணம் படிக்கும் முறைதான் கைகொடுத்தது. ஒருவர் செய்யுளை வாசிப்பார். பக்கத்தில் இருப்பவர் அதற்குப் பயன் சொல்வார், அதாவது பொருளை விரித்துச் சொல்வார். ஊர் இருந்து கேட்கும். அதையே நாங்களும் செய்தோம். குருநகரிலிருந்து வந்த மாணவி ஆங்கிலத்தில் ஒரு வசனம் வாசிப்பாள். கன்னியாஸ்திரிகளிடம் படித்தவள், உச்சரிப்பில் ஒரு பிசகும் இராது. வலிகாமத்தில் வெங்காயப் பயிர் செய்யும் குடும்பத்துப் பையன் ஒருவன் தமிழில் பயன் சொல்வான். அவனுடைய தகப்பனார் ஊர்க் கோயிலில் பயன் சொல்வதில் பேர்போனவர். தகப்பனாரின் குரலும் நிறுத்தி நிறுத்திச் சொல்லும் அழகும் மகனுக்கும் வாய்த்திருந்தன. ஒரு வகுப்பில் அரைப் பக்கத்துக்கு மேல் போகமாட்டோம். ஒவ்வொரு சொல்லிலும் நின்றோம்.

நான் கணக்கில் எடுக்காத ஒன்று இருந்தது. பயன் சொல்பவர் நூலைச் சந்தேகிப்பதில்லை. நூல் ஒருவரைப் புகழ்ந்தால் அவரும் புகழ்வார். அங்கத நாவலோ புகழ்வதுபோலத் தோலை உரிப்பது.

அன்று படித்த நாவலில் சிறுபட்டணத்து வியாபாரி ஒருவர் வந்தார். அவர் ஏழைகளில் எவ்வளவு அன்பு வைத்திருந்தார் என்றால், அவர்களின் தொகை குறைந்துவிடாமல் பார்த்துக்கொண்டார் என்ற கருத்தில் ஒரு வசனம். மாணவி வாசித்து முடித்ததும் பையன் தொண்டையைச் செருமிக்கொண்டு தொடங்கினான்.

"இதனாலை நாங்கள் அறியவேண்டியது என்னவெண்டால், செல்வம் படைச்சவை ஏழையளை ஒருக்காலும் மறக்கக்கூடாது. இந்தப் பெரியவர் மறக்கேல்லை."

பின்னாலிருந்து யாரோ சிரிப்பை அடக்கும் சத்தம் கேட்டது. எனக்கு வாய் சும்மா இருக்கவில்லை.

"தம்பி, கொப்பர் கோயிலிலை அசுரருக்கும் இப்பிடித்தான் பயன் சொல்லுறவரோ? சனம் அசுரரைக் கும்பிட்டுக்கொண்டோ வீட்டை போறது?"

வகுப்பு முழுவதும் சிரித்தது. கொப்பர் என்பது பொடியள் தங்களுக்குள் சண்டை பிடிக்கும்போது சொல்லும் சொல். ஒரு மாணவனின் தகப்பனை ஆசிரியன் அப்படிச் சொல்லலாகாது. பையன் "ஓம் சேர்" என்று மட்டும் சொன்னான். எதற்கு ஓம் என்றான் என்று எனக்கும் தெரியவில்லை, அவனுக்கும் தெரிந்திராது. புத்தகத்தைப் பிடித்திருந்த மாணவி மட்டும் சிரிக்கவில்லை.

"எங்கடை மாதா கோயிலிலையும் பிரசங்கத்திலை ஒருத்தரும் சிரிக்கிறேல்லை, சேர். சிரிக்கவேண்டிய இடம் எண்டால் முதலே சொல்லுங்கோ" என்றாள்.

அதற்கும் சிரித்தார்கள். நானும் சேர்ந்து சிரித்தேன்.

இதைச் சொல்லாமல் விட்டால் மற்றதெல்லாம் சொல்லிப் பயனில்லை: இருபது வயதில் இதே மாதிரி ஒரு நாவலைப் படித்துவிட்டு, கதாநாயகனின் தரும சிந்தனையைப் பற்றி நண்பன் ஒருவனுக்கு உருகி உருகிச் சொன்னவன் நான். அவன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்த பிறகுதான் எனக்கு விளங்கியது. பையன் விட்ட பிழையை நான் முன்பே விட்டிருந்தேன். அதனால்தான் அவ்வளவு கெதியாகக் கண்டுபிடித்தேன்.

அடுத்த வகுப்புக்குப் பையன் வரவில்லை. அதற்கடுத்த வகுப்புக்கும் வரவில்லை.

அந்த நாட்களை அறியாதவர்களுக்காகச் சொல்கிறேன். ஒரு பொடியன் சொல்லாமல் கொள்ளாமல் நின்றுவிட்டால் அவனுக்குக் காய்ச்சலாக்கும் என்று ஒருவரும் நினைப்பதில்லை. இயக்கத்துக்குப் போய்விட்டான் என்றே நினைப்பார்கள். பெரும்பாலும் அதுவே சரியாகவும் இருக்கும். காலையில் ரியூசனுக்கென்று புறப்பட்டவன் மாலையில் ஆயுதப் பயிற்சிக்குக் கடலுக்கு அப்பால் இருப்பான். தகப்பன் பேர் கெடும்படி நாலுபேர் முன்னால் அவமானப்பட்டவன் அப்படிப் போகமாட்டான் என்று நான் எதை வைத்துச் சொல்வது?

மாணவியிடம் மெல்லக் கேட்டேன். "அவரைப் பற்றி ஏதும் அறிஞ்சனீரோ?"

"என்னைக் கேக்கிறியள். பகிடி விட்டது நீங்கள். நீங்கள்தான் போய்ப் பாக்கவேணும்."

சரியான பதில். அப்படியிருந்தும் சில நாட்கள் போகாமல் கடத்தினேன். சோறு இறங்கவில்லை. அவனுடைய தாயின் முகத்தைப் பார்க்கப் பயமாக இருந்தது. "பிள்ளைக்கு என்ன சொன்னனீங்கள்?" என்று அவ கேட்டால் என்ன மறுமொழி சொல்வது? ஒரு சனிக்கிழமை காலை சைக்கிளை எடுத்தேன். வழிநெடுக மறுமொழிகளைக் கட்டிப் பார்த்தேன். மெய்யியல் படித்தவனுக்கு ஒன்றாவது அகப்பட்டிருக்க வேண்டும், அகப்படவில்லை.

கிடுகு வேலிகளுக்கிடையே ஒழுங்கை திரும்பியதும் அவர்கள் வீட்டு வாசற்படலை தெரிந்தது. படலையின் இரு பக்கமும் வேப்பிலைக் குழைகள் கட்டியிருந்தன. அம்மாள் வருத்தம், அதாவது அம்மை, வந்த வீட்டின் அடையாளம். அந்த வீட்டுக்கு வெளியாட்கள் போகமாட்டார்கள். அந்த வீட்டிலிருந்தும் ஒருவரும் சொல்லியனுப்பமாட்டார்கள்.

சைக்கிளை வேலியில் சாத்தினேன். தாய் முற்றத்தில் நின்றபடி கேட்டா.

"ஆரது?"

"தம்பிக்குப் படிப்பிக்கிற சேர்."

"உள்ளுக்கு வராதையுங்கோ, சேர். தம்பிக்கு அம்மாள் வந்திருக்கிறா. உடம்பெல்லாம் போட்டிட்டுது."

"நல்லது" என்றேன். வாயிலிருந்து வந்துவிட்டது.

"என்ன சேர், பிள்ளை கிடந்து படுறான் எண்டுறன், நல்லதெண்டிறியள்?"

"இல்லையம்மா. வீட்டிலை இருக்கிறார்தானே. அதைச் சொன்னனான்."

அவ படலைப் பக்கம் வந்தா. பிறகு குரலைத் தாழ்த்தினா. "ஓம் சேர். போட்ட அண்டைக்கு அழுதனான். பிறகு யோசிச்சன், இனி கொஞ்ச நாளைக்கு எழும்பித் திரிய ஏலாதுதானே எண்டு."

அவ குழை ஒடிக்கப் பின்வளவுக்குப் போன நேரம் விறாந்தையிலிருந்து பையன் கூப்பிட்டான். வெள்ளை வேட்டியால் போர்த்திக்கொண்டு பாயில் இருந்தான். முகம் முழுவதும் கொப்புளம். படலைக்கு வெளியே நின்றபடியே சொன்னேன்.

"தம்பி, அண்டைக்கு அப்பாவைப் பற்றி நான் சொன்னது பிழை. அதாலை நீர் போயிட்டீரோ எண்டு பயந்திட்டன்."

அவன் வேப்பிலையால் கையைத் தடவிக்கொண்டிருந்தான். தாய் போன பக்கம் ஒருதரம் பார்த்துக்கொண்டான்.

"போற யோசினை இருந்ததுதான், சேர். இப்ப இல்லை. ஆனால் ஒருத்தன் அப்பிடிப் போறதுக்கு உங்கடை பகிடி மட்டும் காணாது."

அவனே தொடர்ந்தான்.

"அந்த வியாபாரி கள்ளன் எண்டு வீட்டை வந்து யோசிக்க விளங்கினது. அப்பாவுக்குக் கதையைச் சொன்னன். எங்கடை கோயில் மனேச்சரும் உப்பிடித்தான் எண்டு அவர் சிரிச்சார். நீங்கள் அப்பாவைச் சொன்னதை மட்டும் அவருக்குச் சொல்லேல்லை."

திரும்பி வரும்போது ஒரு தேத்தண்ணிக் கடையில் இறங்கி வடையும் பிளேன்ரீயும் கேட்டேன். பசித்தது. அவன் இருக்கிறான் என்பதில் வந்த நிம்மதி பாதி. பழி என் தலையில் விழவில்லை என்பதில் வந்தது மறுபாதி. அந்த இரண்டாவது பாதிக்காக இன்றும் வெட்கப்படுகிறேன், ஆனால் வடையின் ருசி அதனால் குறையவில்லை. பிந்திய ஆண்டுகளில் என் வகுப்பிலிருந்தே சிலர் போனார்கள். அவர்களை நான் பகிடி பண்ணியதுமில்லை, நில்லுங்கோ என்று மறித்ததுமில்லை. இந்தப் பையன் நின்று படித்து முடித்தான்.

வருத்தம் மாறி, தண்ணீர் வார்த்து, முகத்தில் தழும்புகளோடு அவன் வகுப்புக்கு வந்த அன்று நான் எழுந்து நின்றேன். நாலுபேர் முன்னால் சொன்னதை நாலுபேர் முன்னால்தானே திருப்பி எடுக்கவேண்டும்? அவனுடைய அப்பாவைப் பற்றிச் சொன்னது பிழை என்றேன். இருபது வயதில் நான் உருகிய கதையையும் சொன்னேன். இந்தமுறை அவர்கள் என்னைப் பார்த்துச் சிரித்தார்கள். அவனும் தலையைக் குனிந்துகொண்டு சிரித்தான்.

"சரி சேர்" என்றான். "நேரம் போகுது. மற்ற வசனத்தை வாசிக்கச் சொல்லுங்கோ."