ஆள் எத்தனை, சீட்டு எத்தனை

ஒரு விரலுக்கு நான்கு: மூன்று கோடுகளும் ஒரு நுனியும். நான்கு விரலுக்குப் பதினாறு. கட்டைவிரல் மட்டும் ஓடிக்கொண்டே இருக்க, மாடத்தி தாளின் மேல் குனிந்து எண்ணிக்கொண்டிருந்தாள். ஓரமெல்லாம் துளையிட்டு மடிப்பு மடிப்பாக நீளும் கம்ப்யூட்டர் தாள், முன்னறையில் தொடங்கி அடுப்படி வாசல் வரைக்கும் கிடந்தது.

அந்தத் தெருவில் முதன்முதலாகச் சைக்கிள் விட்ட பெண் அவள். பத்தாவதில் கணக்குக்கு நூறு வாங்கினாள். படித்தது போதும் என்ற பெரியப்பாவிடம் நான்கு நாள் பேசாமலிருந்து பதினொன்றாம் வகுப்பை வென்றாள். மதுரைக் கல்லூரி விடுதியில் இடம் இல்லை என்றார்கள். மூன்று தடவை பஸ் ஏறிப்போய் வாசலில் நின்று வாங்கினாள். கடைசியாகப் பெங்களூரில் ஒரு கம்ப்யூட்டர் கம்பெனியில், பதினான்கு ஆண்களுக்கு நடுவே ஒரு நாற்காலி. இந்த வரிசை அண்ணன் சங்கரலிங்கத்துக்குத் தேதியோடு மனப்பாடம். அவன் எட்டாவது வரை படித்தவன், துணிக்கடையில் அளந்து கிழிக்கிறவன். "தங்கச்சி என்ன வேலை பாக்கா?" என்று யாராவது கேட்டால்தான் திணறுவான்.

கம்ப்யூட்டருக்கான கட்டளைகளை அங்கே ஆளுக்கொரு துண்டாக எழுதுகிறார்கள். அந்தத் துண்டுகளை வரிசையாகச் சேர்த்து, இன்ன துண்டுக்கு இன்ன இடம் என்று விலாசம் போட்டு உட்காரவைக்க ஒரு புரோகிராம் உண்டு. லிங்கர் என்பார்கள். மாடத்தி எழுதிய துண்டைச் சேர்த்த நாளிலிருந்து மிஷின் பாதியில் நின்றுபோனது. பிசகு அவள் துண்டில்தான் என்று எல்லாரும் சொன்னார்கள். லிங்கரில்தான் இருக்கிறது என்று அவள் ஒருத்தி சொன்னாள். பயிற்சிக்காலம் ஜூலையோடு முடிகிறது. திங்கட்கிழமைக்குள் மிஷின் ஓடாவிட்டால் வேலை நிரந்தரமாகாது என்று சொல்லித்தான் ஊரின் ஆடித்தபசுத் திருவிழாவுக்கு லீவு கொடுத்திருந்தார்கள். லிங்கர் முழுவதையும் தாளில் அடித்து எடுத்துக்கொண்டு ஊருக்கு வந்துவிட்டாள்.

வேலையில் இறங்கிவிட்டால் மாடத்திக்கு உடம்பு ஞாபகம் இருக்காது. சாப்பிட உட்கார்ந்த கையில் சோற்றுப்பருக்கை காய்ந்துபோயிருக்கும். காப்பி ஆறி ஆடை படிந்த பிறகு ஒரே மடக்காகக் குடிப்பாள். கூப்பிட்டால் "பொறுங்க, ஒண்ணு மிச்சமிருக்கு" என்பாள். அந்த ஒன்று ஒருநாளும் ஒன்றாக இருந்ததில்லை.

"ஏட்டி, ஊரே தெருவுல நிக்கு. நீ என்னட்டி சாணி மெழுகுத மாதிரி குனிஞ்சு கெடக்க?" என்றாள் அம்மா பார்வதியம்மாள்.

"சாமி அடுத்த வருசமும் வரும்மா. இந்தத் திங்கக்கெழமை வராது."

கடையிலிருந்து அண்ணன் கொண்டுவந்த பென்சிலுக்கு ஒரு முனை சிவப்பு, மறுமுனை நீலம். தாளில் இருந்த ஒவ்வொரு எண்ணுக்கும் ஏதாவதொரு நிறத்தில் கோடு போட்டுவந்தாள்.

"அது என்னட்டி, ஒண்ணுக்குச் செவப்பு, ஒண்ணுக்கு நீலம்?"

"சிவகிரி பஸ்ஸ நெனச்சுக்கோ அண்ணே. ஒரு சீட்டுக்கு ரெண்டு பேரு. துண்டு எம்புட்டுப் பெருசுன்னு ஆள் கணக்குல சொல்லுவாவ. அது பைட்டு. எங்கன உக்காரணும்னு மிசினு சீட்டுக் கணக்குல கேக்கும். அது வேர்டு. ஆளைப் பாதியாக்கினாத்தான் சீட்டு. செவப்பு ஆளு, நீலம் சீட்டு. பாதியாக்காம ரெண்டையும் எங்கன கூட்டியிருக்கோ, அங்கன தப்பு."

"தப்பு அம்புட்டுச்சா?"

"இல்ல. எல்லா எடத்துலயும் ஒழுங்காத்தான் பாதியாக்கியிருக்காவ."

மூன்று நாளில் பென்சில் சுண்டுவிரல் அளவுக்கு வந்துவிட்டது. அதன்பிறகு துண்டுகள் உட்கார்ந்த விலாசப் பட்டியலை எடுத்து, ஒன்றுக்கும் அடுத்ததற்கும் நடுவில் எவ்வளவு இடம் என்று கையாலேயே எண்ணத் தொடங்கினாள். வெள்ளிக்கிழமை காலையில், மோதிரவிரலின் நடுக்கோட்டில் கட்டைவிரல் நின்றுவிட்டது. மறுபடி எண்ணினாள். மறுபடியும் அங்கேயே நின்றது.

"அண்ணே, கடைக்குப் போவாத!"

எல்லாருடைய உபயோகத்துக்கும் பொதுவாக எழுதிவைத்த துண்டுகள் சில உண்டு. லைப்ரரி என்று பெயர். "அதுல மட்டும் சீட்டுக் கணக்காவே எழுதி வச்சிருக்காவ அண்ணே. ஆள் கணக்குன்னு நெனச்சு நானும் செவப்புப் போட்டிருக்கேன். லிங்கரும் அப்படித்தான் நெனச்சு, திரும்பப் பாதியாக்குது. இருவது சீட்டு வேணுங்கிற கூட்டத்துக்குப் பத்துச் சீட்டு. அடுத்து ஏறுதவன் மடியில போயி உக்காருதான்."

சங்கரலிங்கம் பாதி போட்ட சட்டையோடு உட்கார்ந்தான். போன தீபாவளிக்கு ஓர் அம்மா பாவாடைக்கு ஐந்து கெஜம் கேட்டாள். அவன் அதை மீட்டராக்கி "நாலரை" என்று குரல்கொடுத்தான். அன்று கிழிக்கிற இடத்தில் நின்ற, கூட வேலை பார்க்கும் கபீர் அதைக் கெஜம் என்று நினைத்து, தானும் ஒருமுறை மீட்டராக்கி, நான்காகக் கிழித்துவிட்டான்.

"ஏட்டி, இது நானும் கபீரும் செஞ்ச வேலைல்லா!"

"அதேதான். ஒங்ககிட்ட அந்த அம்மா மறுநாளே சண்டைக்கு வந்துட்டா. இங்கன ரெண்டு வருசமா யாரும் வரல."

"ஏன் வரல?"

"லைப்ரரித் துண்டு எப்பவும் கடைசியிலதான் ஏறும். கடைசி ஆளுக்கு எம்புட்டு எடம்னு யாரு பாக்கா? இப்பத்தான் அதுக்குப் பொறவு ஒரு துண்டு ஏறிருக்கு. அது என்னோடது."

அந்த ஓர் இடத்தில் பாதியாக்காமல் விட்டிருந்தால் அப்போதைக்கு ஓடியிருக்கும். மாடத்தி அப்படி விடவில்லை. எந்தத் துண்டாக இருந்தாலும் உள்ளே ஏறும்போது ஆள் கணக்குதான். பாதியாக்குவது ஒரே ஓர் இடத்தில் என்று, பதினேழு இடங்களைத் திருத்தி எழுதினாள். சனிக்கிழமை சாயங்காலம் தாள்களை மடித்துப் போர்வை மாதிரி தோளில் போட்டுக்கொண்டு மதுரை பஸ் ஏறினாள். ஜன்னல் வழியே, "ஒண்ணு மிச்சமிருக்கு அண்ணே. மிசினு ஓடணும்" என்றாள்.

திங்கட்கிழமை மாலை ஐந்தே காலுக்குக் கடை டெலிபோன் அடித்தது. பெங்களூர் டிரங்க் கால்.

"அண்ணே, ஓடுது."

சங்கரலிங்கம் மீட்டர் கோலைக் கீழே வைத்தான். "எப்ப இருந்து?"

"காலையில பத்தரை மணியில இருந்து. நிக்கவே இல்ல."

"ஒன் வேலை?"

"நிரந்தரம்னு சார் சொல்லிட்டாவ. இன்னொண்ணு கேளு. லிங்கர் தாளுல மொதப் பக்கத்துல, யாரு எப்ப திருத்தினாவன்னு ஒரு பட்டியல் உண்டு. பயிற்சிக்கு வந்தவங்க அதுல எழுதக் கூடாது. இதுவரைக்கும் நான் திருத்தினதுக்கெல்லாம் சார் பேருதான். இன்னைக்கு அவுகளே பேனாவ நீட்டிட்டாவ."

"எழுதிட்டியா?"

"இன்னும் இல்ல. தாளு முன்னாலதான் இருக்கு. ஒன்னைக் கூப்பிட்டுட்டு எழுதலாம்னு."

கபீர் கத்தரிக்கோலை நிறுத்திவிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தான். சங்கரலிங்கம் டெலிபோனைக் காதோடு அழுத்திக்கொண்டான்.

"எழுது மக்கா."

கம்பியின் இரைச்சலுக்கு நடுவே, பேனா தாளில் உரசும் சத்தம் கேட்டதா என்று அவனால் நிச்சயமாகச் சொல்ல முடியாது. ஆனால் மாடத்தி ஒவ்வோர் எழுத்தாக வாய்க்குள் சொல்லிக்கொண்டே எழுதியது கேட்டது. பேர் முடிந்து, ஒரு மூச்சு விட்டு, தேதியையும் சொன்னாள்: இருபத்தெட்டு, ஏழு, எண்பத்தாறு.